நீருக்குள் நடப்போம்: மாதவிடாய் நின்ற பின் வரும் கவுட் நோயும் நீர்ப்பயிற்சியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பெண்கள் சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் பேச எழுந்து நிற்கும்போது, வயது நாற்பதைத் தாண்டிய பிறகும் கைகள் தாமாகவே பின்னால் கட்டிக்கொள்கின்றன. சீருடை சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்க்கவும் தோன்றுகிறது. வைத்தியராக எத்தனை மேடை ஏறினாலும் இந்த மேடையில் நாம் மாணவிதான்.

விழாக்குழுவினர் எம்மிடம் கேட்டது, ஐம்பதை அண்டிய பெண்களின் உடல்நலம் பற்றி ஏதாவது கதைக்கும்படி. மார்பகப் புற்றுநோய் பற்றியும் சலரோகம் பற்றியும் பலர் பேசியிருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது பெண்களிடம் அதிகம் பேசப்படாத ஒரு வருத்தம். அதன் பெயர் கவுட். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வருத்தம். இதைத் தெரிவு செய்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் இப்போது இரண்டாம் வரிசையில் அமர்ந்து எம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அனுமதியுடன்தான் இதைச் சொல்கிறோம்.

எமக்கு வலைப்பந்து பழக்கிய ரீச்சர் அவர். மைதானத்தின் ஒரு கோடியில் நின்று அவர் ஊதும் விசில் மறு கோடியில் இருக்கும் சோம்பேறிகளையும் ஓடவைக்கும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது நாம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். மழையில், அந்தச் சனவெள்ளத்தில், ஒரு தோளில் தாயாரையும் மறுகையில் ஒரு பையையும் தாங்கிக்கொண்டு நடந்த ரீச்சரை எம்மில் பலர் கண்டோம். களைக்காத கால்கள் என்றால் எமக்கு இன்றும் நினைவுக்கு வருவது அந்தக் கால்கள்தான்.

அந்த ரீச்சர் தமது அறுபத்தோராவது வயதில் எமது கிளினிக்குக்கு வந்தார். விரல் நுனி மூட்டுகள் இரண்டு வீங்கிச் சிவந்திருந்தன. பிறஷருக்கு நெடுநாளாக மருந்து எடுப்பவர். அதில் ஒன்று நீர்போகும் மாத்திரை. நாம் கையைப் பார்த்தோம். விரல் நுனிகளில் முதுமைத் தேய்வுக்குரிய முடிச்சுகள் இருந்தன. “தேய்வு, ரீச்சர்” என்றோம். நோவுக்கு மாத்திரை எழுதினோம். அவரும், “வயசுக்கு வாற வருத்தம்தானே பிள்ளை, நீ ஏன் யோசிக்கிறாய்” என்று எம்மையே தேற்றிவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் விடியப்புறம் அவருடைய முழங்கால் பலாப்பழம் போல வீங்கி, மேலே போர்வை பட்டாலும் கத்தும் நிலைக்கு வந்தது. மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதித்தபோது நுணுக்குக்காட்டியில் ஊசி ஊசியாகப் பளிங்குகள். அது கவுட். இரண்டு வருடத்துக்கு முன் வீங்கிய விரல்களும் அதுவேதான். அதற்கிடையில் நோவு மாத்திரைகள் அவருடைய சிறுநீரகத்தைச் சற்றே பாதித்துவிட்டிருந்தன. கவுட் ஆண்களின் வருத்தம் என்ற எண்ணம் எமது மனதில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்ததால், எளிய இரத்தப் பரிசோதனையொன்றைச் செய்ய எமக்குத் தோன்றவில்லை. எம்மைப் படிப்பித்தவரின் கையை நாமே சரியாகப் பார்க்கவில்லை. இன்றைய உரை அந்தக் கடனில் ஒரு பகுதி.

ஏன் ஐம்பதுக்குப் பிறகு?

ஏறத்தாழ 2400 வருடங்களுக்கு முன் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் ஹிப்போக்கிரட்டீஸ், மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணுக்குக் கவுட் வருவதில்லை என்று குறித்து வைத்தார். காரணம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார், சரியாகவே சொன்னார். மிக அரிதான விதிவிலக்குகள் உண்டு.

காரணம் இதுதான். எமது உடற்கலங்கள் உடைந்து புதுப்பிக்கப்படும்போதும், சில உணவுகள் சமிக்கும்போதும் பியூரின் என்ற பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. மற்றப் பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றிடம் அதை மேலும் உடைக்கும் நொதியம் உண்டு. மனிதரிடம் இல்லை. ஆகவே நாம் அதை வெளியேற்றத்தான் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத்தாலும் மீதி குடலாலும் வெளியேறுகிறது. பெண்ணுடலில் ஈஸ்ட்ரஜன் இருக்கும் வரை, சிறுநீரகம் யூரிக் அமிலத்தைக் கூடுதலாக வெளியே தள்ள அது துணைநிற்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அந்தத் துணை போய்விடுகிறது. இரத்தத்தில் யூரிக் அமிலம் மெல்ல மெல்ல ஏறுகிறது. அதே வயதில்தான் பிறஷர், சலரோகம், உடற்பருமன், சிறுநீரகத் தளர்ச்சி எல்லாம் ஒன்றுடன் ஒன்று கைகோத்து வருகின்றன. நீர்போகும் மாத்திரைகளும் அப்போதுதான் எழுதப்படுகின்றன. அவை யூரிக் அமிலத்தை மேலும் ஏற்றும்.

தேநீரில் சீனி கரைவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அளவு வரை கரையும். அதற்கு மேல் அடியில் தங்கும். உடல் வெப்பநிலையில் யூரிக் அமிலத்துக்கு அந்த எல்லை ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம். அதைத் தாண்டினால் மூட்டுகளில் பளிங்காகப் படியத் தொடங்கும். ஆறிய தேநீரில் சீனி குறைவாகக் கரைவது போல, உடலின் குளிர்ந்த நுனிகளில் அது எளிதில் படியும். அதனால்தான் கால் பெருவிரல் முதலில் அகப்படுகிறது. பெண்களில் பெருவிரலை விட்டுவிட்டு, ஏற்கெனவே தேய்ந்த விரல் மூட்டுகளிலும் கணுக்காலிலும் முழங்காலிலும் தொடங்குவதும் உண்டு. நாம் ஏமாந்தது அங்கேதான்.

ஆகவே அக்காமாரே, ஐம்பதுக்கு மேல் ஒரு மூட்டு திடீரென, பெரும்பாலும் இரவில், சிவந்து சூடாகி வீங்கினால், “வாதம்” என்று எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். யூரிக் அமிலம் பார்க்கும்படி கேளுங்கள். வருத்தம் கூடியிருக்கும் நாட்களில் இரத்த அளவு சாதாரணமாகக் காட்டவும் கூடும். இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மூட்டு வீக்கத்துடன் காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமி போனாலும் இப்படித்தான் வீங்கும். அது தாமதிக்க முடியாத விடயம்.

மருந்து செய்வதும் பயிற்சி செய்வதும்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்தப் பயிற்சியும் படிந்த பளிங்கைக் கரைக்காது. அதைக் கரைப்பது மருந்து. யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருந்தால் பளிங்குகள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கரைந்து போகும். ஆய்வுகூடம் மைக்குரோமோலில் எழுதித் தந்தால் அந்த எண் 360.

இதற்கு நாம் அதிகம் கொடுப்பது அலோபியூரினோல். இதை உருவாக்கியவர்களில் ஒருவர் கேர்ட்ரூட் எலியன் என்ற பெண். நியூயோர்க்கில் 1918இல் பிறந்தவர். பெண் என்ற காரணத்தால் ஆய்வுகூட வேலை மறுக்கப்பட்டவர். கலாநிதிப் பட்டம் முடிக்காமலே ஆய்வு செய்து, 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அலோபியூரினோலைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். தொடங்கிய முதல் மாதங்களில் வருத்தம் ஓரிரு முறை எட்டிப்பார்க்கலாம். பளிங்குகள் அசையத் தொடங்குவதன் அடையாளம் அது. பயந்து மருந்தை நிறுத்தக்கூடாது. ஆனால் தோலில் தடிப்போ சொறியோ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் ஓடி வாருங்கள். அது அரிதென்றாலும் ஆபத்தானது. பிறஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதை மாற்ற முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் லொசார்ட்டன் போன்ற மாத்திரைகளும் உண்டு.

வருத்தம் கூடும் நாட்களுக்கு நாம் கொடுக்கும் கொல்கிசின் பற்றி ஒரு எச்சரிக்கை. எமது வேலிகளில் பூக்கும் கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கிலும் இதே கொல்கிசின் இருக்கிறது. மூட்டு வருத்தத்துக்குக் கிழங்கு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழியில்லை. இந்த நாட்டில் அதைச் சாப்பிட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் பயிற்சி எதற்கு? பளிங்கு போன பிறகும் மூட்டின் நிலைமை அப்படியே திரும்பி வருவதில்லை. ரீச்சருக்கு ஆறு மாதத்தில் யூரிக் அமிலம் 6க்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் நோவுக்குப் பயந்து நடக்காமல் இருந்ததில் தொடைத் தசை மெலிந்துவிட்டது. முழங்கால் முழுமையாக நீளவில்லை. படி இறங்கப் பயம். கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. மெலிந்த தசையால் மூட்டைத் தாங்க ஏலாது. தாங்காத மூட்டு மேலும் நோகும். நோகிற மூட்டை அசைக்க மனம் வராது. இந்தச் சக்கரத்தை உடைப்பதுதான் இயன்மருத்துவத்தின் வேலை.

மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாட்களில் பயிற்சி கிடையாது. ஓய்வு, உயர்த்தி வைத்தல், துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம். சூட்டு ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்பும் அப்போது வேண்டாம். வீக்கம் அடங்கியதும் இயன்மருத்துவர் மெல்ல அசைக்கத் தொடங்குவார். முதலில் மூட்டை முழு வீச்சுக்கும் நீட்டி மடக்கல், பிறகு தசையைப் பலப்படுத்தல், பிறகு நடை. ஊன்றுகோலை நோகும் காலின் எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. விரல்களை நெரிக்காத அகன்ற முன்பாகமுள்ள செருப்பும் முக்கியம்.

நீர் என்ன செய்கிறது?

ரீச்சருக்குத் தரையில் நின்று செய்யும் பயிற்சிகள் நோவைக் கூட்டின. அப்போது எமது இயன்மருத்துவர் சொன்னார், “இவரை நீருக்குள் இறக்குங்கள்.”

விஞ்ஞான கூடத்தில் விற்றராசில் கல்லைத் தொங்கவிட்டு, நீருக்குள் இறக்கியதும் வாசிப்புக் குறைவதைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஆக்கிமிடீஸ் தத்துவம். மேலுதைப்பு. அந்தக் கல்லின் இடத்தில் எம்மை வைத்துப் பாருங்கள். இடுப்பளவு நீரில் நின்றால் கால்கள் தாங்குவது உடல் நிறையின் ஏறத்தாழ அரைவாசி. நெஞ்சளவு நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. கழுத்தளவு நீரில் பத்தில் ஒன்று. 70 கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணின் முழங்கால், கழுத்தளவு நீரில் 7 கிலோவைத்தான் உணர்கிறது. தரையில் ஐந்தடி நடக்க ஏலாதவர் நீருக்குள் இருபது நிமிடம் நடப்பதன் இரகசியம் அவ்வளவுதான்.

இரண்டாவது, அமுக்கம். ஒரு மீற்றர் ஆழத்தில் நீர் ஏறத்தாழ 74 மில்லிமீற்றர் இரச அளவுக்கு எல்லாப் பக்கமும் சமமாக அமுக்குகிறது. வீங்கிய கணுக்காலுக்கு அது இறுக்கமான மேசு போட்டது போல. தேங்கிய நீர் மேலேறுகிறது. மூன்றாவது, எதிர்ப்பு. நீருக்குள் கையை இரண்டு மடங்கு வேகமாக அசைத்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே நிறை தூக்காமலே தசை பலப்படும். அளவைக் கூட்டவும் குறைக்கவும் வேகத்தை மாற்றினால் போதும். நான்காவது, விழுந்தாலும் எலும்பு முறியாது. ஐம்பதுக்குப் பிறகு எலும்பு மெலியும் எமக்கு அந்தத் தைரியம் பெரிய விடயம்.

நீர்ப்பயிற்சி பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வு உள்ளவர்களில் செய்யப்பட்டவை. அவற்றில் நோவு குறைந்து இயக்கம் கூடியிருக்கிறது. பயன் மிதமானது, செய்யும் வரைதான் நிலைக்கும். கவுட் வந்த பெண்களில் பலருக்கு மூட்டுத் தேய்வும் சேர்ந்தே இருப்பதால் இந்தப் பயன் அவர்களுக்கும் பொருந்துகிறது.

வைத்தியசாலைத் தடாகங்களில் நீரை 32 முதல் 34 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக வைப்பார்கள். எம்மிடம் அப்படி ஒரு தடாகம் இல்லை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. ஆனால் அங்கே வாளியால் அள்ளி ஊற்றத்தான் முடியும். சூடு கிடைக்கும், மேலுதைப்புக் கிடைக்காது. கீரிமலையில் பெண்களுக்கெனத் தனிக் கேணி உண்டு. ஆனால் நல்ல கைபிடியும் துணையும் இல்லாமல் தளர்ந்த காலுடன் படி இறங்குவது எளிதல்ல. நாம் தெரிவு செய்தது காரைநகர்க் கசூரினாக் கடற்கரை. நெடுந்தூரம் ஆழமில்லாத கடல் அது. வருடத்தின் பெரும்பகுதி நீர் இதமாகவே இருக்கும்.

ரீச்சர் மறுத்தார். “இந்த வயசிலை கடலுக்கை இறங்கி நிண்டால் சனம் என்ன சொல்லும் பிள்ளை?” என்றார். எமது வகுப்புத் தோழிகள் நால்வர் சேர்ந்து, “நாங்களும் வாறம் ரீச்சர், ஆர் என்ன சொன்னாலும் அஞ்சு பேருக்கும் சேர்த்துச் சொல்லட்டும்” என்றோம். ஒரு சனிக்கிழமை விடிய வான் பிடித்துப் போனோம். நீண்ட கைச் சட்டையும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, கைகோத்து இறங்கினோம். முதல்நாள் பத்து நிமிடம். இடுப்பளவு நீருக்கு வந்ததும் ரீச்சர் நின்றார். காலைத் தூக்கிப் பார்த்தார். திரும்பத் தூக்கினார். “நோகேல்லை” என்றார். பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

செய்முறை

இதை நீங்களும் செய்யலாம். முதலில் வைத்தியரிடம் அனுமதியும் இயன்மருத்துவரிடம் ஒருமுறை செய்முறையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். 10 நிமிடத்தில் தொடங்கி, சில கிழமைகளில் 30 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட ஆழத்தில் நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் முன்னோக்கி மெதுவாக நடத்தல், குதி முதலில் பட வேண்டும். பிறகு பக்கவாட்டாகவும் பின்னோக்கியும் நடத்தல், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. அடுத்து ஒரு துணையின் தோளைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி இறக்கல் 10 முறை, முழங்காலை இடுப்பளவுக்குத் தூக்கல் 10 முறை, காலை நேராக முன்னும் பின்னும் வீசுதல் 10 முறை. பிறகு கணுக்காலைச் சுழற்றிக் கால்விரல்களைச் சுருட்டி விரித்தல். கைகளுக்கு, நீருக்குள்ளேயே விரல்களை மூடித் திறத்தல், உள்ளங்கையால் நீரைத் தள்ளுதல். கடைசி ஐந்து நிமிடம் மெதுநடை. நீந்தத் தெரிய வேண்டியதில்லை.

அளவு அறிய ஓர் எளிய விதி. பயிற்சி முடிந்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் நோவு கூடியிருந்தால் அன்று அளவு மிஞ்சிவிட்டது. அடுத்த முறை குறையுங்கள். மூச்சு வாங்கக் கடும் பயிற்சி செய்ய வேண்டாம். கடும் பயிற்சியும் உடல்நீர் வற்றுவதும் யூரிக் அமிலத்தை ஏற்றும்.

முக்கியமான ஒன்று: நீருக்குள் நிற்பவருக்கும் வியர்க்கும், தெரியாது. நீரின் அமுக்கத்தால் சிறுநீரும் கூடுதலாகப் போகும். ஆகவே இறங்க முன்னும் ஏறிய பின்னும் தண்ணீர் குடியுங்கள். சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டு வீங்கியிருக்கும் நாளில், காய்ச்சலில், திறந்த புண் இருக்கும்போது, பிறஷர் கட்டுக்குள் இல்லாதபோது, இதயப் பலவீனமோ வலிப்போ உள்ளபோது நீரில் இறங்கக்கூடாது. சலரோகம் உள்ளவர்கள் வெறுங்காலுடன் இறங்க வேண்டாம். சிப்பி கீறினாலும் தெரியாது. குதிப்பட்டி உள்ள இறப்பர்ச் செருப்பைப் போடுங்கள். மாரி காலத்தில் கடல் வேண்டாம். ஒருபோதும் தனியே இறங்க வேண்டாம்.

கடலுக்குப் போக வழியில்லாதவர்கள் ஒரு பேசினில் வெந்நீர் விட்டு, கை பொறுக்கும் சூட்டில், பத்து நிமிடம் விரல்களை மூடித் திறக்கலாம். கதிரையில் இருந்து முழங்காலை நீட்டி ஐந்து வரை எண்ணி இறக்கலாம். அதுவும் பயிற்சிதான். நீர்ப்பயிற்சி எலும்பை வலுப்படுத்தப் போதாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு தேறியதும் தரையிலும் நடக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கிழமைக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, அத்துடன் இரண்டு நாள் தசைப் பயிற்சி.

சாப்பாடு பற்றிக் கேட்காமல் எம்மை விடமாட்டீர்கள் என்று தெரியும். ஈரல், குடல், நெத்தலி, நண்டு, றால் குறைக்க வேண்டும். ஒடியற்கூழை வருடத்துக்கு ஒருமுறை உறவுகளோடு குடிப்பதற்கு நாம் தடையில்லை, கிழமைதோறும் வேண்டாம். பருப்பையும் கீரையையும் முருங்கையிலையையும் பயந்து ஒதுக்காதீர்கள். தாவர உணவின் பியூரின் கவுட்டைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கூட்டுவது மது, இனிப்புச் சோடா, அளவுமிஞ்சிய சீனி. கொழுப்பு நீக்கிய பாலும் தயிரும் நல்லவை. நீண்ட பட்டினி யூரிக் அமிலத்தை ஏற்றும். கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் அக்காமார் ஆறு நாளும் வெறுவயிற்றுடன் கிடக்காமல், நீரும் பாலும் பழமுமாகப் பிடியுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

ரீச்சர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்களே பார்க்கிறீர்கள். இன்று இந்த மண்டபத்தின் படிகளை அவர் தாமாகவே ஏறி வந்தார். முழங்கால் இன்னும் முழுதாக நீளவில்லை. சிறுநீரகத்தில் வந்த குறையும் திரும்பப் போகவில்லை. அந்த இரண்டு வருடத்தை எம்மால் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. நாம் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னது, “வலைப்பந்திலை பந்தை விட்டால் நிண்டு அழுகிறதில்லை எண்டு எத்தினை தரம் சொல்லித் தந்தனான்? அடுத்த பந்தைப் பிடி.”

அடுத்த பந்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம். கடல் சூழ்ந்த குடாநாட்டில் பிறந்து, முழங்காலளவு நீருக்கு மேல் இறங்காமலே வயதாகிறோம். எமது கல்லூரி தனது முதல் நூறு வருடத்தில் பெண்பிள்ளைகளை ஓடவும் பாயவும் மேடையில் நிமிர்ந்து பேசவும் பழக்கியது. இரண்டாவது நூற்றாண்டில் நீருக்குள் பயமின்றி நிற்கவும் பழக்கட்டும். அதுவரை, சங்கத்தின் சார்பில் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் வான் ஒழுங்கு செய்ய முடியுமா என்று செயற்குழு யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கூட வர ஒரு வைத்தியர் இருக்கிறார். ஓர் இயன்மருத்துவரும் இசைந்திருக்கிறார். எண்ணிக்கை சொல்ல ஆளைத் தேட வேண்டியதில்லை. சென்ற மாதம் ரீச்சர் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். இடுப்பளவு நீரில் நின்று அவர் ஊத, நாற்பது வயதுக்காரர் நால்வர் ஒன்றும் பேசாமல் வரிசையாக நடந்தோம்.